கொண்டைக்கடலைக்குத் தொழு உரமும் ரசாயன உரமும்: எதை, எவ்வளவு, எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தோட்டத்து மகள் (குடிமங்கலம் வட்டாரம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் வட்டாரத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. அப்பாவுக்கு முட்டிவலி வந்த பிறகு, இரண்டு ஆண்டுகளாக வெள்ளாமையை நான்தான் பார்த்து வருகிறேன். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீர் எங்கள் மண்டலத்திற்கு எல்லா ஆண்டும் வருவதில்லை என்பதால், கொண்டைக்கடலையை மானாவாரியாகவே விதைக்கிறோம். ஐப்பசி மழை ஓய்ந்து நிலம் கால் பதியும் பக்குவத்திற்கு வந்ததும் விதைத்துவிட்டால், மண்ணில் தங்கிய ஈரத்திலும் மார்கழிப் பனியிலும் செடி வளர்ந்து, மாசிக்குள் அறுவடைக்கு வந்துவிடும்.

அப்பா காலத்திலிருந்து நாங்கள் ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்) அடியுரமாகவும், 25 நாளில் ஒரு தூறல் விழுந்ததும் ஒரு மூட்டை யூரியா மேலுரமாகவும் போட்டு வருகிறோம். சென்ற பருவத்தில் ஜே.ஜி. 11 என்ற கடலை ரகத்தை விதைத்திருந்தோம். செடி முழங்கால் உயரத்திற்குக் கருகருவென்று வளர்ந்ததைப் பார்த்து, வழியில் போகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் அடித்துத் தூற்றிப் பார்த்தபோது ஏக்கருக்கு 3 குவிண்டாலுக்குச் சற்று மேல்தான் தேறியது. அறுவடைக் கூலியையும் உழவுச் செலவையும் கழித்துப் பார்த்தால், அப்பாவும் நானும் உழைத்ததற்குக் கூலி என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை.

இந்த ஆண்டு மண் பரிசோதனை செய்தேன். கார அமில நிலை (pH) 8.4, அங்கக கார்பன் 0.4 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) எக்டருக்கு 9 கிலோ, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 430 கிலோ என்று அட்டையில் இருக்கிறது. கந்தகமும் துத்தநாகமும் குறைவு என்று குறித்திருக்கிறார்கள். சுண்ணாம்பு அதிகம் என்றும் ஒரு வரி இருக்கிறது.

என் மாமா, இனிமேல் ரசாயன உரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதிப் பாதிக்குத் தொழு உரம் போடும்படி சொல்கிறார். உரக்கடைக்காரரோ, எரு போட்டால் பூச்சிதான் வரும், டி.ஏ.பி.யை இன்னும் அரை மூட்டை கூட்டுங்கள் என்கிறார். வீட்டில் இரண்டு மாடுகள் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு டிராக்டர் அளவுக்கு எரு சேரும். பக்கத்தில் கோழிப்பண்ணை எருவும், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தென்னை நார்க் கழிவும் விலைக்குக் கிடைக்கின்றன. பாதிக்குப் பாதி என்ற கணக்கு கடலைக்குச் சரிதானா? கையிலிருந்து பணம் போடுவதாக இருந்தால் எதில் போடுவது? விளைச்சல் கூடுவதோடு, கடைசியில் கையில் நிற்கும் பணமும் கூட வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

விரிவாக்கப் பணியில் இருந்தவர் (ஓய்வு) எழுதியது:

அம்மணி, மண் பரிசோதனை எண்களோடு கேள்வி கேட்டதற்கு முதலில் நன்றி. அந்த அட்டை இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அது ஜோசியமாகத்தான் இருக்கும்.

பாதிக்குப் பாதி என்ற கணக்கு நெல்லுக்கும் மக்காச்சோளத்திற்கும் ஓரளவு பொருந்தலாம், கடலைக்குப் பொருந்தாது. அந்தக் கணக்கு தழைச்சத்தை (நைட்ரஜனை) மனதில் வைத்துப் போடப்படுவது. யூரியாவில் வரும் தழைச்சத்தில் பாதியை எருவிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்பதே அதன் பொருள். கொண்டைக்கடலையோ தனக்கு வேண்டிய தழைச்சத்தின் பெரும்பகுதியை வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் நுண்ணுயிர் வழியாகக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்ளும் பயிர். விதைத்து மூன்று நான்கு வாரங்களில் முடிச்சுகள் வேலையைத் தொடங்கும்வரை இளஞ்செடிக்குச் சிறிதளவு தழைச்சத்து தேவைப்படும்; அதற்கு மேல் நீங்கள் போடும் ஒவ்வொரு கிலோவும் அந்த முடிச்சுகளுக்கு, உங்கள் வேலை தேவையில்லை என்று சொல்லி அனுப்புவதற்கு ஒப்பாகும்.

உங்கள் வழக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 50 கிலோ டி.ஏ.பி.யில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து ஏறத்தாழ 21 கிலோ. ஆக ஏக்கருக்கு 30 கிலோ தழைச்சத்து போகிறது. மானாவாரிக் கொண்டைக்கடலைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பரிந்துரை எக்டருக்குத் தழைச்சத்து 12.5 கிலோ, மணிச்சத்து 25 கிலோ, சாம்பல் சத்து 12.5 கிலோ, கந்தகம் 10 கிலோ. ஏக்கருக்கு மாற்றினால் முறையே 5, 10, 5, 4 கிலோ. தழைச்சத்தில் ஆறு மடங்கும், மணிச்சத்தில் இரண்டு மடங்குக்கு மேலும் போட்டிருக்கிறீர்கள். மண்ணில் குறைவாக இருக்கும் கந்தகத்தையோ ஒரு கிராம்கூடக் கொடுக்கவில்லை.

முழங்கால் உயரச் செடியில் காய் ஏன் இல்லை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. மானாவாரிக் கடலைக்கு மண்ணில் நிற்கும் ஈரம்தான் முதல். பருவம் முழுவதும் அந்த முதலை எடுத்துத்தான் செலவு செய்ய வேண்டும். யூரியா கொடுத்துச் செடியை டிசம்பரில் இலையும் தண்டுமாக வளர்த்துவிட்டால், ஜனவரிக் கடைசியில் காய்க்குள் பருப்பு திரளும் நேரத்தில் வேருக்கடியில் ஈரம் இருக்காது. நீங்கள் பார்த்த கருகருப்பு, காய்க்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர்.

அப்படியானால் எருவும் உரமும் சேர்வதில் ஆதாயம் எங்கே என்றால், மணிச்சத்தில்தான். கார அமில நிலை 8.4, அதோடு சுண்ணாம்பு என்றால், நீங்கள் தூவும் மணிச்சத்தின் பெரும்பகுதியைச் சுண்ணாம்பு பிடித்து, செடி எடுக்க முடியாத கால்சியம் பாஸ்பேட்டாக மாற்றிவிடும். ஆண்டாண்டாக ஏக்கருக்கு 23 கிலோ போட்டும் மண் பரிசோதனையில் 9 கிலோ என்று வருவதற்கு இதுதான் காரணம். எக்டருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பதே அளவுகோல். ஆகவே டி.ஏ.பி.யை இன்னும் கூட்டுங்கள் என்ற யோசனை, ஓட்டைக் குடத்தில் இன்னொரு குடம் ஊற்றுவதாகவே முடியும். மக்கிய எரு இங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது. அது மட்கும்போது வெளிவரும் அங்கக அமிலங்கள் மணிச்சத்தைச் சுண்ணாம்பு பிடிக்காமல் ஓரளவு காக்கின்றன. மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிர் பெருகி வேலை செய்ய அது இடமும் உணவும் கொடுக்கிறது. கடலை வேரும் தன் பங்கிற்கு அமிலங்களைக் கசிய விடும். அதிகாலையில் கடலைக் காட்டிற்குள் நடந்தால் கால் அரிப்பதும், செடியின் மேல் வெள்ளைத் துணியை விரித்துப் பிழிந்தால் புளிப்பு நீர் கிடைப்பதும் இலைகளில் சுரக்கும் அமிலத்தால்தான். இந்தப் பயிர் அமிலத்தை ஆயுதமாக வைத்திருக்கும் பயிர். எரு அதற்குத் துணைக்கு நிற்கிறது.

செய்முறைக்கு வருகிறேன். மானாவாரிப் பயிர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஊட்டமேற்றிய தொழு உரம் உங்களுக்கு மிகவும் ஏற்றது. ஏக்கருக்கு நன்றாக மக்கிப் பொடியான தொழு உரம் 300 கிலோவும், சூப்பர் பாஸ்பேட் 62 கிலோவும் எடுத்துக்கொண்டு, நிழலில் அடுக்கடுக்காகக் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு நீர் தெளித்து, சாக்கோ ஓலையோ போட்டு மூடி ஒரு மாதம் வையுங்கள். விதைக்கும்போது அதைச் சாலில் இடுங்கள். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம். ஆகவே 10 கிலோ கிடைத்துவிடும். அதோடு 11 சதவீதம் கந்தகமும் இருப்பதால் ஏறத்தாழ 7 கிலோ கந்தகம் தனிச் செலவில்லாமல் வந்து சேரும். டி.ஏ.பி.யில் அது இல்லை. யூரியா 11 கிலோ போதும். அதையும் அடியுரமாகவே இட்டுவிட்டு, மேலுரம் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். சாம்பல் சத்து எக்டருக்கு 280 கிலோவுக்கு மேல் இருந்தாலே மிகுதி. உங்களிடம் 430 இருப்பதால் இந்தப் பருவத்தில் பொட்டாஷ் வாங்க வேண்டியதில்லை.

ரைசோபியம் வாங்கும்போது கொண்டைக்கடலைக்கு உரியது என்று கேட்டு வாங்குங்கள். உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் உரிய பொட்டலம் இதில் முடிச்சு கட்டாது. இந்தப் பயிர் அந்த விஷயத்தில் மிகவும் பிடிவாதம் பிடிக்கும். ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தையும் பாஸ்போபாக்டீரியாவையும் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். வாடல் நோய்க்காக விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலப்பதாக இருந்தால் அதை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

எரு போட்டால் பூச்சி வரும் என்று கடைக்காரர் சொன்னதில் கால் பங்கு உண்மை உண்டு. மக்காத சாணத்தைக் கொட்டினால் கறையானும் களை விதையும் சேர்ந்து வரும். மக்கிய எருவுக்கு அந்தக் குற்றம் கிடையாது. காய்ப்புழு எருவால் வருவதில்லை. தளதளவென்று நெருங்கி வளர்ந்த செடியைத்தான் அது தேடி வரும்.

கோவில்பட்டிக் கரிசல் எழுதியது:

ஐயா சொன்ன காரணங்களுக்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. சகோதரி பணக் கணக்கையும் கேட்டிருப்பதால், என் காட்டில் இரண்டு ஆண்டுகள் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். இது ஒரே ஒரு காட்டின் அனுபவம். உங்கள் மண்ணில் எண்கள் மாறும்.

முதல் பட்டையில் எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் ஒரு மூட்டை யூரியாவும் போட்டேன். இரண்டாம் பட்டையில் ஏக்கருக்கு 5 டன் வீதம் தொழு உரம் மட்டும் போட்டேன். ரசாயனம் எதுவும் இல்லை. மூன்றாம் பட்டையில் சூப்பர் பாஸ்பேட் கலந்து ஊட்டமேற்றிய எரு, கொஞ்சம் யூரியா, ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா. மழை நன்றாகப் பெய்த முதல் ஆண்டில் ஏக்கருக்கு முறையே 3.6, 3.1, 4.7 குவிண்டால் கிடைத்தது. கார்த்திகையோடு மழை கையை விரித்துவிட்ட இரண்டாம் ஆண்டில் 2.2, 2.5, 2.9 குவிண்டால். எருப் பட்டைக்கு இரண்டாம் ஆண்டில் நான் புதிதாக எதுவும் போடவில்லை. முந்தைய ஆண்டு போட்டதே நின்று பேசியது. காய்ந்த ஆண்டில் யூரியாப் பட்டைதான் கடைசி என்பதைக் கவனியுங்கள்.

இப்போது செலவைப் பார்ப்போம். முதல் பட்டைக்கு டி.ஏ.பி. 1,350 ரூபாய், யூரியா 266 ரூபாய் 50 காசு, ஆக 1,616 ரூபாய் 50 காசு. மூன்றாம் பட்டைக்கு எங்கள் ஊர்க் கடை விலையில் சூப்பர் பாஸ்பேட் 690 ரூபாய் ஆயிற்று. யூரியாவிற்கு 65 ரூபாய், நுண்ணுயிர்ப் பொட்டலங்களுக்கு 100 ரூபாய், வீட்டு எருவிற்கு ஒரு விலை போட்டு 500 ரூபாய், கலந்து மூடி வைத்த ஆள் கூலி 350 ரூபாய். மொத்தம் 1,705 ரூபாய். அதாவது செலவில் 90 ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. உள்ளூர் வியாபாரி கிலோவுக்கு 55 ரூபாய் கொடுத்தார். நல்ல ஆண்டில் 1.1 குவிண்டால் கூடுதல் என்றால் 6,050 ரூபாய். மோசமான ஆண்டில் 70 கிலோ கூடுதல் என்றால் 3,850 ரூபாய். ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26 சந்தைப் பருவத்திற்குக் குவிண்டாலுக்கு 5,650 ரூபாய், 2026-27 பருவத்திற்கு 5,875 ரூபாய். ஆனால் களத்து மேட்டில் நின்று விற்கிறவனுக்கு வியாபாரி சொல்வதுதான் விலை என்பதால், அந்த எண்ணை வைத்து நான் கணக்குப் போடுவதில்லை.

இரண்டாம் பட்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 5 டன் எருவை விலைக்கு வாங்கி, ஏற்றி இறக்கி, கலைத்து முடிக்கும்போது எனக்கு 8,000 ரூபாய் ஆயிற்று. 55 ரூபாய் வீதம் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கவே 145 கிலோ கடலை கூடுதலாக விளைய வேண்டும். ஒரே ஆண்டில் அது நடக்காது. மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட்டால் ஆண்டுக்கு 48 கிலோ. அது நடக்கக்கூடிய காரியம். ஆகவே விலைக்கு எரு வாங்குகிறவர்கள் அதைக் கடலையின் செலவில் எழுதாமல், நிலத்தின் செலவில் எழுத வேண்டும். மண்புழு உரத்தையும் கிலோ 8 ரூபாய்க்கு வாங்கி டன் கணக்கில் மானாவாரிக் கடலைக்குப் போடச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. வீட்டிலேயே தயாரிக்கிறவர்களுக்கு அது வேறு கதை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு மலிவான வழி உண்டு. சித்திரை வைகாசியில் ஆட்டுக்கிடை போடுகிறோம். புழுக்கையும் மூத்திரமும் காட்டிலேயே விழுவதால் ஏற்றுகூலி இல்லை. கிடை பெயர்ந்த மறுநாளே உழுதுவிட வேண்டும். இல்லையென்றால் நம் சுண்ணாம்பு மண்ணில் மூத்திரத்தின் சத்தெல்லாம் அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். உடுமலைப் பக்கத்திலும் கிடைக்காரர்கள் வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன், விசாரித்துப் பாருங்கள்.

ஆறாண்டு இயற்கை வழி எழுதியது:

மேலே எழுதிய இருவரும் அனுபவசாலிகள். ஆனாலும் எருப் பட்டையை முதல் ஆண்டிலேயே ரசாயனப் பட்டையோடு ஒப்பிட்டது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மண்ணில் உயிர் திரும்ப மூன்று ஆண்டுகளாவது ஆகும். நான் ஆறு ஆண்டுகளாக ஒரு பிடி ரசாயனமும் இல்லாமல் கடலை எடுக்கிறேன். ஜீவாமிர்தமும், பூக்கும் தருணத்தில் 3 சதவீதப் பஞ்சகவ்யத் தெளிப்பும், மக்கிய எருவும் மட்டும்தான். ரசாயனம் போடும் பக்கத்துக் காட்டைவிட விளைச்சல் சற்றுக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்த குடும்பங்களுக்கு நேரடியாக விற்பதால் கிலோவுக்கு 20 ரூபாய் வரை கூடுதலாகக் கிடைக்கிறது. சகோதரிக்கு அப்படி விற்கும் வழி இருந்தால் கலப்பு முறையைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. மணிச்சத்து குறைந்தால் ராக் பாஸ்பேட் போட்டுக்கொள்ளலாம். அது இயற்கைக் கனிமம்தானே?

விரிவாக்கப் பணியில் இருந்தவர் (ஓய்வு) எழுதியது:

நேரடி விற்பனை உங்களுக்குக் கைகூடியிருப்பது மகிழ்ச்சி. 20 ரூபாய் கூடுதல் விலை இருந்தால் கணக்கே மாறும் என்பதை மறுக்க முடியாது. நான்கு ஏக்கர் கடலையையும் அப்படி விற்க எத்தனை குடும்பங்கள் வேண்டும் என்பதை மட்டும் அம்மணி யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ராக் பாஸ்பேட் யோசனையை இந்த மண்ணிற்கு நான் ஏற்க மாட்டேன். அந்தப் பாறைத் தூள் கரைவதற்கு மண் புளிப்பாக இருக்க வேண்டும். நீலகிரித் தேயிலைத் தோட்ட மண்ணில் அது கரையும், 8.4 உள்ள சுண்ணாம்புக் கரிசலில் அது கல்லாகவே கிடக்கும். ஜீவாமிர்தத்தையும் பஞ்சகவ்யத்தையும் நான் குறை சொல்லவில்லை. அவை நுண்ணுயிர்களைப் பெருக்கலாம், செடியைத் தூண்டலாம். ஆனால் மண்ணில் இல்லாத மணிச்சத்தை அவற்றால் உருவாக்கித் தர முடியாது. ஆண்டுதோறும் மூட்டை கட்டி விற்கும் கடலையோடு மணிச்சத்தும் நிலத்தை விட்டு வெளியே போகிறது. எரு வழியாகவோ உரம் வழியாகவோ அது திரும்பி வந்தாக வேண்டும். நீங்களும் ஆறாம் ஆண்டு முடிந்த கையோடு ஒரு மண் பரிசோதனை செய்து, மணிச்சத்து எண்ணை மட்டுமாவது இங்கே பகிர்ந்தால் எல்லோருக்கும் பயன்படும்.

ஆறாண்டு இயற்கை வழி எழுதியது:

கடைசியாக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பார்த்தேன். எக்டருக்கு 10 கிலோ இருந்தது. மறுபடியும் மண் எடுத்துக் கொடுத்துவிட்டு எழுதுகிறேன். ராக் பாஸ்பேட் பற்றிய விளக்கத்திற்கு நன்றி. நான் இதுவரை வாங்கவில்லை, வாங்கவும் போவதில்லை.

தோட்டத்து மகள் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். யூரியாவை விட்டுவிடு என்று சொன்னால் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். காய்க்குப் போக வேண்டிய தண்ணீர் என்ற வரியைக் கேட்டதும், எழுபதுகளில் யூரியா வாங்க வழியில்லாத காலத்தில் இதைவிடக் கூடுதலாக எடுத்திருக்கிறோம் என்று அவரே சொன்னார்.

இன்னும் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. கோழி எருவிலும் மணிச்சத்து நிறைய இருக்கிறது என்கிறார்களே, தொழு உரத்திற்குப் பதிலாக அதைச் சூப்பர் பாஸ்பேட்டோடு கலக்கலாமா? தென்னை நார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் அதை நேரடியாக நிலத்தில் போடலாமா? முடிச்சு கட்டியிருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதை எப்போது, எப்படித் தெரிந்துகொள்வது?

விரிவாக்கப் பணியில் இருந்தவர் (ஓய்வு) எழுதியது:

கோழி எருவில் மணிச்சத்து தொழு உரத்தைவிடப் பல மடங்கு உண்டு என்பது சரியே. ஆனால் தழைச்சத்தும் அதே அளவுக்கு வீரியமாக இருப்பதால், விதைக்கும் தருணத்தில் அதைப் போடுவது யூரியாவை வேறு பெயரில் போடுவதற்குச் சமம். அதிலும் பண்ணையிலிருந்து நேராக வரும் பச்சை எருவில் உப்பும் சூடும் உண்டு, முளையைக் கருக்கிவிடும். அதை வாங்குவதானால் மூன்று மாதமாவது மக்க வைத்து, கடலைக்கு அடுத்து வரும் மக்காச்சோளத்திற்குப் போடுங்கள். தழைச்சத்தை வாரி உண்ணும் அந்தப் பயிருக்குக் கோழி எரு பொருத்தமானது. அதில் மிஞ்சும் மணிச்சத்து அடுத்த கடலைக்குப் பயன்படும். ஒரே ஒரு பயிரை மட்டும் பார்த்து எருவைப் பங்கிடாமல் சுழற்சியைப் பார்த்துப் பங்கிடுவதில்தான் செலவு குறையும்.

மக்காத நார்க் கழிவை எக்காரணம் கொண்டும் நேரடியாகப் போட வேண்டாம். அதில் கார்பனுக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவையும் தாண்டும். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். முடிச்சு கட்டும் முன்பே இளஞ்செடி மஞ்சளித்துப் போகும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைத்தால் அந்த விகிதம் 24க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கும். அதன் பிறகு போடலாம். உங்கள் நிலம் கரிசல் என்பதையும் மறக்க வேண்டாம். செம்மண்ணைப் போல் ஈரம் நிற்காத மண் அன்று அது. பெய்யும் மழை ஓடிப்போகாமல் உள்ளே இறங்க வேண்டும் என்பதுதான் கரிசலில் பிரச்சினை. அதற்குக் கோடை உழவும் வீட்டு எருவுமே போதுமானவை.

முடிச்சுகளைப் பார்க்க விதைத்த 30 முதல் 35 நாளுக்குள் காட்டின் நான்கைந்து இடங்களில் செடியைப் பிடுங்காமல், மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுத்து நீரில் அலசுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். முடிச்சே இல்லை என்று தவறாக நினைத்துக்கொள்வீர்கள். இரண்டு மூன்று முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, இரத்தம் தோய்ந்தது போல் இருந்தால் அது தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அந்த ஆண்டில் பூக்கும் தருணத்தில் டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதைத் தவற விட வேண்டாம்.

முடிச்சுகள் நன்றாக இருந்தாலும் அந்தத் தெளிப்பு நல்லதே. மண் மேற்பரப்பு காய்ந்துவிட்ட நிலையில், வேர் வழியாகப் போக முடியாத மணிச்சத்தை இலை வழியாகக் காய்க்குக் கொடுக்கும் வழி அது. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலையில் 20 லிட்டர் நீரில் ஊற வைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்து 200 லிட்டராக்கி, பூக்கும் போது ஒரு முறையும் 15 நாள் கழித்து ஒரு முறையும் மாலை நேரத்தில் தெளிக்க வேண்டும். மொத்தம் 8 கிலோ டி.ஏ.பி.; மூட்டை விலையில் 216 ரூபாய்தான். மானாவாரிக் கடலைக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பலன் தரும் செலவை நான் அதிகம் பார்த்ததில்லை.

கோவில்பட்டிக் கரிசல் எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஊட்டமேற்றிய எருவைக் கையால் விசிறிவிட்டு மேலே விதைத்தால் பாதிப் பலன்தான். மேல்மண் பத்து நாளில் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் கிடக்கும் மணிச்சத்தை வேர் தேடி வராது. விதை விழும் ஆழத்திற்கு மூன்று விரற்கடை கீழே உரம் விழும்படி விதைப்புக் கருவியில் பிரித்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் விதைக்கும் உரத்திற்கும் தனித்தனிப் பெட்டி வைத்த டிராக்டர் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. எரு கட்டியாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். கருவி கிடைக்காவிட்டால் நாட்டுக் கலப்பையில் முதல் சாலில் எருவும், அதன் மேல் விதையுமாக விடலாம். ஆள் கூலி கூடும்.

தோட்டத்து மகள் எழுதியது:

விதைப்புக் கருவி பக்கத்து ஊரில் இருக்கிறது, பேசிவிட்டேன். மூன்று ஏக்கருக்கு 900 கிலோ எருவைச் சலித்து, 186 கிலோ சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்து மாட்டுத் தொழுவத்தை ஒட்டி மூடி வைத்தாகிவிட்டது. மூன்று ஏக்கரில் புதிய முறை, ஓர் ஏக்கரில் அப்பாவின் பழைய முறை என்று ஒப்பந்தம் செய்திருக்கிறோம். அந்த ஓர் ஏக்கரிலும் யூரியாவை அரை மூட்டையாகக் குறைக்க அவர் சம்மதித்துவிட்டார். அட்டையில் துத்தநாகமும் குறைவு என்று இருந்ததால் துத்தநாக சல்பேட் வாங்கி வைத்திருக்கிறேன். அதையும் இந்த எருக் குவியலிலேயே கலந்துவிடலாமா?

விரிவாக்கப் பணியில் இருந்தவர் (ஓய்வு) எழுதியது:

வேண்டாம், அம்மணி. சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்தால் துத்தநாகமும் மணிச்சத்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் பயிருக்குக் கிடைக்காமல் போகும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலில் தனியாகக் கலந்து, கடைசி உழவுக்கு முன்பே நிலம் முழுவதும் சீராகத் தூவி உழுதுவிடுங்கள். இந்த ஆண்டு போட்டால் அடுத்த ஆண்டு வாங்க வேண்டியிருக்காது.

மாசியில் அடித்துத் தூற்றியதும் இரண்டு முறையின் எடையையும் தனித்தனியாக இங்கே எழுதுங்கள்; அப்பாவின் ஏக்கர் எடையையும் மறைக்காமல் எழுத வேண்டும்.